நாற்பத்தேழாம் தட்டு

தாழக்குடிப் பத்தில்
தாணுலிங்கம் கிள்ளித் தந்த தாளில்
கண் வடிவில் ஒரு புண்.
ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல்.
"மூணு தரம் யூரியா போட்டேன் மேடம்,
நல்லாக் கறுத்துத்தான் வந்துது."
கறுத்து வந்த பயிரென்றால்
அதற்குக் கூடுதல் பசி.

கும்பப்பூ.
ஆரல்வாய்மொழிக் காற்று
நடுச்சாமத்தில் ஓய்ந்து பனி இறங்க,
ஒரு வித்து இலைமேல் வந்து அமர்கிறது.
மூன்று அறை. கண்ணீர்த்துளி வடிவம்.
கண்ணீர் என்பது நாங்கள் சொல்வது;
அதற்கு அழத் தெரியாது.
நுனியில் ஒரு சொட்டுப் பசை.
விடிவதற்குள் ஒரு குழல்,
குழலின் முனையில் குமிழ்,
குமிழைச் சுற்றிக் கருஞ்சுவர்.
உள்ளே அழுத்தம் ஏறுகிறது,
தோவாளை பஸ்ஸின் டயரில் இருப்பதைப்போல
பத்து மடங்கு.
இருப்பதையெல்லாம் குமிழுக்குக் கொடுத்துவிட்டு
வித்து சுருங்கிச் சாகும்.
அது சாகாவிட்டால் இது துளைக்காது.
இதை முதலில் படித்த இரவு
எனக்குச் சோறு இறங்கவில்லை.

வடசேரியில் மூன்றாம் மாடி ஆய்வகம்.
என் வேலையைச் சொன்னால் சின்னது:
பன்னிரண்டாயிரம் சொச்சம் மரபணுக்களில்
ஒன்றை எடுத்துவிடுவது.
எடுத்தபின் எது நின்றுபோகிறது என்று பார்ப்பது.

மடை திறக்கும் ஏசுவடியான்
காய்ச்சலில் மூன்று நாள் படுத்தபோதுதான்
கடைவரம்புக்காரர்களுக்குத் தெரிந்தது
அப்படி ஒருவர் இருப்பது.
நாங்களும் அப்படித்தான் பெயர் வைக்கிறோம்.
இல்லாதபோது எது கெட்டதோ
அதுவே பெயர்.
ஒழுங்காக ஓடும் நாளில்
எதற்கும் பெயரில்லை.

நாற்பத்தேழாம் தட்டு
கறுக்கவில்லை.
காவி கலந்த சந்தன நிறத்தில் படர்ந்தது.
சுவர் கட்டும் வேலை நின்றிருந்தது.
நாற்றில் தெளித்தேன்.
ஏழாம் நாள்
இலையில் ஒரு புள்ளி இல்லை.
விஜிலாவுக்கு ரசவடை வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம்.
ஊசியால் இலையைக் கீறி
அதே வித்தைக் கீறலில் வைத்தேன்.
ஐந்தாம் நாள் கண் திறந்தது.
கதவை உடைக்கத்தான் மறந்திருந்தது,
தின்ன மறக்கவில்லை.

அறுபத்திரண்டு இன்னும் மோசம்.
அதில் நான் எடுத்தது ஒரு துண்டு மரபணு.
அதன் சாடை கண்டுதான்
எதிர்ப்பு ரகம் விழித்துக்கொள்ளும்,
தொட்ட செல்லைத் தானே கொன்று
வழியை அடைக்கும்.
சாடை போனது.
யாரென்று யாரும் கேட்கவில்லை.
எதற்கும் அசையாத அந்த நாற்று
பத்து நாளில் வைக்கோல்.
ஒன்றை இழந்து
அது வலுத்திருந்தது.

தட்டுகளை ஆட்டோகிளேவில் வைத்தேன்.
நூற்றிருபத்தொரு டிகிரி.
மூடியை இன்னொரு சுற்றுத் திருகினேன்.
வயலில் இதைச் செய்ய
என்னைப் போல ஒருத்தி வேண்டாம்.
தேவைப்பட்டால் அதுவே உதிர்த்துக்கொள்ளும்.
குறிப்பேட்டில் வெப்பத்தை மட்டும் எழுதினேன்.

"கண்டுபுடிச்சாச்சா மேடம்?"
போனில் தாணுலிங்கம். பின்னால் மோட்டார் சத்தம்.
"ரெண்டு கெடச்சிருக்கு."
"அப்போ மருந்து?"
"யூரியாவக் கொறைங்க."
கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும் பேசியது.
"இதுக்கா அஞ்சு வருசம் படிச்சிய?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
அப்புறம் இருவரும் வைக்காமல் இருந்தோம்.

சனிக்கிழமை போனேன்.
பால்பிடித்துச் சாய்ந்த கதிர்களுக்கு நடுவே
ஒன்று மட்டும் வெளுத்து
நிமிர்ந்து நின்றது.
கழுத்தில் கறுப்பு வளையம்.
நசுக்கிப் பார்த்தேன், எல்லாம் பதர்.
அறுத்துக் காகித உறையில் போட்டேன்.
நாள் எழுதினேன். இடம் எழுதினேன்.
பெயர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
அதை அப்படியே விட்டு
உறையை ஒட்டினேன்.