பத்து டன் காற்று

வால்விஸ் பே துறைமுகத்தில்
உப்பு லாரிகளுக்கு எடை போடுகிறவள் நான்.
அதனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும்
புத்தகத்தைப் புரட்டவில்லை:
ஒரு சதுர மீட்டர் தரைமேல்
எவ்வளவு காற்று நிற்கிறது?
பத்து டன்.
சின்ன லாரி ஒன்று, பாரத்தோடு.
அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான்
தேநீரை ஆற்றிக் குடிக்கிறோம்.

உயரமானியும் என் இனம்தான்.
அதற்கு உயரம் தெரியாது, எடைதான் தெரியும்.
மேலே மிச்சமிருக்கும் காற்றை நிறுத்துப் பார்த்து
அடிக்கணக்கில் ஏதோ சொல்லும்.
காலையில் அன்றைய அழுத்தத்தைத் திருகி வைக்காவிட்டால்
நேற்றைய சீட்டில் இன்றைய லாரியை அனுப்பிவிடும்.
அப்படிச் செய்த ஒருவனை
நான் வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறேன்.

பனிப்புள்ளிதான் வெகுநாள் பிடிபடவில்லை.
எவ்வளவு குளிர்ந்தால்
காற்று தன் ஈரத்தைச் சுமக்கமாட்டாமல்
இறக்கி வைக்குமோ, அவ்வளவு.
மனப்பாடம் செய்தேன், மறந்தேன்.
என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்,
பயிற்சி தரும் ஃப்ரீடெல், சலித்துப்போய்ச் சொன்னாள்:
"இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது.
வித்தியாசம் மூன்றுக்குக் கீழே வந்தால்
வண்டியைக் கட்டிப்போடு."

ஞாயிறு, ஏழரை மணி.
வெப்பம் இருபத்தொன்பது, பனிப்புள்ளி மூன்று.
ஸ்வகோப்முண்ட் முழுக்கக் கிழக்குக் காற்று,
பல்லிடுக்கில் மணல்.
பீடபூமியிலிருந்து இறங்குகிற காற்று
ஆயிரம் அடிக்கு மூன்று டிகிரி சூடேறும்,
வாடகை பாக்கி கேட்க
மாடியிலிருந்து படியிறங்கி வருகிறவரைப் போல.
கடல்மேல் தூரத்தில் பனிமூட்டம்
சங்கிலியில் கட்டிய நாயாகப் படுத்திருந்தது.
சங்கிலி யார் கையில் என்று
நான் கேட்கவில்லை.

ஸ்பிட்ஸ்கோப்பெ பாறைவரை தனியாகப் போனேன்.
பக்கத்து இருக்கையில் ஒரு தண்ணீர்ப் புட்டியும்
மடித்த வரைபடமும்.
சூடான கருங்கல் காற்றை மேலே எறிய,
விமானம் கல்ரோட்டு மாட்டுவண்டிபோல் குதித்தது.
சிரித்தேன். கேட்க ஆளில்லை.

பத்தேகாலுக்குக் கிழக்குக் காற்று ஓய்ந்தது.
யாரும் அறிவிக்கவில்லை.
இவ்வளவு நேரமும் காற்றைப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்த மூக்கை
மெல்ல மெல்ல நேராக்க வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.
பிறகு வானொலியில் ஃப்ரீடெல்:
"உவேரிகுவா. பதினைந்து, பதினைந்து."

ஊர் இல்லை.
ஓடுபாதை இல்லை.
என் மகன் பந்தாடும் திடல், மீன் சந்தை, தண்ணீர்த்தொட்டி,
எல்லாவற்றின் மேலும் வெள்ளை.
அழகாக இருந்தது.
வயிற்றைப் பிசைந்தது அந்த அழகுதான்.
ஓரிடத்தில் ஓர் ஓட்டை,
அதன் அடியில் உப்பளத்தின் இளஞ்சிவப்பு.
வீடு அங்கிருந்து எட்டு நிமிடம்.
கை தானாகக் கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளியது.

நிறுத்திவிட்டு, எடை போட்டேன்.
ஒரு தட்டில், நான் பார்க்கும்போதே சுருங்குகிற ஓட்டை.
மறு தட்டில், ஒன்றரை மணி நேர எரிபொருள்,
முதுகுக்குப் பின்னால் வெயில் காயும் அராண்டிஸ்.
இதற்கு மேடைகூட வேண்டாம்.

அராண்டிஸ் ஓடுபாதையில்
காற்றுக்கூம்பு ஈரத்துணிபோல் தொங்கியது.
இரண்டு நெருப்புக்கோழிகள் என்னைப் பார்த்துவிட்டு
தங்கள் வேலையைப் பார்க்கப் போயின.
சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன்,
கயிறு கட்டினேன்,
நெடுஞ்சாலைக்கு நடந்தேன்.

சுரங்கத்து ஆட்களை ஏற்றிவந்த கோபுஸ் நன்செப்
பேருந்தை நிறுத்தி, கதை கேட்டு, சொன்னான்:
"பிளேனை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவளை
இப்போதுதான் பார்க்கிறேன்."
காசு வாங்கவில்லை.

முப்பதாவது கிலோமீட்டரில்
வெயில் அணைந்தது.
முன்கண்ணாடி நனைந்தது. துடைப்பானைப் போட்டான்,
விளக்கையும் போட்டான்.
இரவு வேலை முடித்துப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர்
கண் திறக்காமல் கேட்டார்: "மழையா?"

"பதினைந்து, பதினைந்து" என்றேன்.