பின்சக்கரம்

பஹாவ் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே
லியூ தவுக்கேயின் கடைவாசலில்
மூன்று புல்வெட்டி மிஷின்கள்.
சிவப்பு, பச்சை, யாரும் சீண்டாத ஆரஞ்சு.
நான் வருவது இது நான்காம் முறை.
முதல் முறை விலை கேட்டேன்.
இரண்டாம் முறை வேறு விலை சொன்னான்.
மூன்றாம் முறை மழை.

"ஆச்சி, இது தானா நடக்கும்,
நீ சும்மா பிடிச்சா போதும்."
நடத்திக் காட்டு என்றேன்.
பெயிண்ட் டின்களைத் தாண்டி
அஞ்சடியில் அவனை இழுத்துக்கொண்டு போனது.
பக்கத்து மருந்துக்கடைக்காரி சிரித்தாள்.

பதினேழு வருடம்
செம்பனைக் காட்டில் மருந்தடித்தவள் நான்.
முதுகில் பதினெட்டு லிட்டர்.
பம்பு அடித்த தோள்
இன்றும் கொடியில் துணி போட ஒத்துக்கொள்வதில்லை.
ஒரு சாமான் முன்னால் நடந்து
என்னைக் கூட்டிப்போகும் என்றால்
காசு கொடுக்க எனக்கென்ன வெட்கம்.
வெட்டிய புல் எங்கே போகும்,
அதுதான் கேள்வி.

பை மாட்டினால் பைக்குள்.
பையைக் கழற்றிக் கறுப்பு அடைப்பைச் செருகினால்
கத்திக்கடியிலேயே சுற்றிச் சுற்றித்
தூளாகி மண்ணுக்குள்.
"ரெண்டும் செய்யும்" என்கிறான் தவுக்கே,
இரண்டு வீடு வைத்திருப்பவனை மெச்சுவதுபோல.

கிளார்க் கந்தையா வீட்டில்
ஒரு துரும்பு கிடக்கக் கூடாது.
வெள்ளைச் சப்பாத்தோடு நடந்து பார்ப்பார்.
அங்கே பை.
தமிழ்ப்பள்ளித் திடலில்
கோல்கம்பத்துக்கு முன்னால் மொட்டை மண்.
புல்லை அங்கேயே விடுங்கள், உரமாகட்டும் என்கிறார்
தலைமையாசிரியை பவளக்கொடி.
அங்கே தூள்.
தூளாக்க வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும்,
வாரியம் தருவதோ மாதம் இரண்டுமுறைக் கூலி.
அதற்குள் புல் முழங்காலைத் தேடி வந்துவிடும்.
நவம்பர் மழையில் அது தூளாகாது,
களியாகும்,
சாணி தட்டியதுபோல் கொத்துக்கொத்தாய் விழும்.
தொட்டாற்சுருங்கி விதையை வேறு
திடல் முழுக்க நானே தூவியதாகும்.
வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள்
என் பேரைச் சொல்லித்தான் முள்ளெடுப்பார்கள்.

ரொக்கியா சொல்லிவைத்திருக்கிறாள்,
பை நிறைந்தால் ஆடுகளுக்குக் கொண்டுவா என்று.
பதினோரு ஆடு, ஒன்று சினை.
பள்ளிப் புல் தரலாம். கிளினிக் புல் தரலாம்.
கந்தையா வீட்டுப் புல்லைத் தரமாட்டேன்.
வேலியோரம் ஆள் வைத்து மருந்தடிக்கிறார்.
நுனி மஞ்சளாகும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்,
மூக்கு எதையும் மறக்கவில்லை.
அந்தப் பை குழிக்கு.
ரொக்கியா கேட்டால்
அன்றைக்கு வேலையே இல்லை என்பேன்.

சிவப்புக்குப் பின்சக்கரம் ஓடுகிறது.
பச்சைக்கு முன்சக்கரம்,
இருநூறு வெள்ளி குறைவு.
"பையில் ஆணி போடு" என்றேன்.
"என்ன ஆச்சி?"
"பத்து கிலோ. சாக்கில் கட்டிப் போடு."

கனம் ஏறியதும் பச்சை மூக்கைத் தூக்கியது.
முன்சக்கரம் காற்றைச் சுற்றியது.
கடைவாசல் சரிவுக்கே இப்படி.
கிளினிக் பின்மேடு
இதைவிட மூன்று மடங்கு.
சிவப்பு
ஒரு முனகலும் இல்லாமல் ஏறி
மருந்துக்கடைவரை போய் நின்றது.
இம்முறை அவள் சிரிக்கவில்லை.

ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
தீபாவளி அங்பாவ் உறைகளில்
நூறு நூறாய் வைத்திருந்தேன்.
தவுக்கே எண்ணினான்.
எச்சில் தொட்டு மறுபடி எண்ணினான்.
ஐம்பது குறைந்தது.
கறுப்பு அடைப்பைக் கழற்றி
கல்லாவுக்குப் பின்னால் வைத்தான்.
"காசு வந்ததும் எடுத்துக்கோ."

கிளினிக் காசு பத்தாம் தேதி.
அதுவரை பவளக்கொடியிடம் மழையைச் சொல்லலாம்.

வேன் கூலி பதினைந்து கேட்டார்கள்.
எஞ்சினை அணைத்து
சடக்கோரமாய்த் தள்ளிக்கொண்டே வந்தேன்.
பழக்குலை ஏற்றிய லாரி
பின்னால் ஹார்ன் அடித்தது.
ஒதுங்கினோம்,
நானும் சிவப்பும்.

ரொக்கியா வேலியில் நின்றபடி கேட்டாள்,
பை எவ்வளவு பிடிக்கும்?

புல் தெரியாது, என்றேன்.
ஆணி பத்து கிலோ பிடித்தது.