உப்பு ஆப்பு

ரீட் அவெனியூ, மூன்றாம் மாடி.
குளிரூட்டி மட்டும்தான் அங்கே சரளமாகப் பேசியது.
விஞ்ஞானிகள் பதினான்கு பேர்
கழுத்தில் பெயரட்டை தொங்க
பள்ளிக்கூடத்து முதல்நாள்போல் இருந்தோம்.

பயிற்றுநர் ஷெவந்தி முன்பு வானொலியில் செய்தி வாசித்தவர்.
மேசைமணி ஒன்று வைத்திருந்தார்.
புரியாத சொல் வந்தால் தட்டுவார்.
"மூன்று நிமிடம். திரையில் படம் கிடையாது. தொடங்குங்கள்."

களனி கங்கைக் கழிமுகத்தில்
மின்கடத்துதிறனின் நிலைக்குத்துப் பரம்பல்...
டிங்.
அடர்த்திப் படையாக்கம்...
டிங்.
மைக்ரோசீமென்ஸ்...
டிங் டிங்.
நான்கு வருடம் படகில் காய்ந்து சேர்த்ததெல்லாம்
நாற்பது வினாடியில்
ஐஸ்கிரீம் வண்டியாகிப் போனது.

"வீட்டில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வீர்கள்?"
சொல்லியிருக்கிறேன்.
'சால்ட் வெட்ஜ்' என்றால் உப்பு ஆப்பு என்றேன்.
"ஆரு ஆருக்கு வைச்ச ஆப்பு?" என்று கேட்டா.
அன்றைக்குச் சிரித்துவிட்டு
ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

மதியம்.
சோற்றுப் பார்சலின் உப்பையும் பீட்ரூட் சாற்றையும்
கிளாசின் அடியில் கரைத்து
மேலே நல்ல தண்ணீரை ஊற்றினேன்.
எல்லாம் ஒரே சிவப்பு.
"ஃபலூடா" என்றாள் ஸீனத்,
கண்டல் நண்டுகளை ஆராய்கிறவள்.
இன்னொரு கிளாஸ்.
இம்முறை கரண்டியின் முதுகில், நூல்போல, மூச்சடக்கி.
அடியில் சிவப்பு. மேலே கண்ணாடித் தெளிவு.
இடையில் கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோடு.
மணி அடிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து, போயா நாள்.
மட்டக்குளியில் ஒரு சனசமூக நிலையம்,
முப்பது பிளாஸ்டிக் கதிரை.
தமிழில் ஒருமுறை,
என் உடைந்த சிங்களத்தில் இன்னொருமுறை:

மழை குறைஞ்ச மாசத்தில
கடலைத் தள்ள ஆத்துக்குப் பலமில்லை.
மண்ணை அள்ளி அள்ளி அடியும் தாழ்ந்துபோச்சு.
உப்புத்தண்ணி பாரம்; மேலால வராது.
மேல பாத்தா ஆறு.
கீழால கடல் ஊர்ந்து வரும்,
குழாய்க்குத் தண்ணி எடுக்கிற பக்கமா.

முன்வரிசைப் பையன் ஒருவன்
கேளாமலே கிளாசுக்குள் ஸ்ட்ரோவை விட்டான்.
மேலே உறிஞ்சி, "தண்ணி" என்றான்.
அடிவரை இறக்கி உறிஞ்சினான்.
முகம் கோணிப்போயிற்று.
எல்லோரும் சிரித்தார்கள்.
பிறகு சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது.
என் பதினொரு வரைபும்
அந்த ஸ்ட்ரோவுக்குள் அடங்கிவிட்டதென்று
எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அப்போதுதான் கிறகரி எழும்பினார்.
மணல் டிப்பர் ஓட்டுகிறவர்.
"விளங்கிச்சு மிஸ். நல்லா விளங்கிச்சு.
அப்ப நாளைக்கு நான் லொறிய எடுக்கவா, வேணாமா?"

பயிற்சிக் கோப்பு, இருபத்தோராம் பக்கம்:
கடினமான கேள்விக்குப் புன்னகைக்கவும்.
நன்றி சொல்லவும்.
முக்கிய செய்திக்குத் திரும்பவும்.

திரும்பினேன். மேசையில் கிளாஸ்.
ஸ்ட்ரோ கலக்கியதில் கோடு கரைந்துகொண்டிருந்தது.

"தெரியாது" என்றேன்.
எந்த மணியும் தட்ட முடியாத சொல்.

அவர் இருக்கவில்லை.
"தெரிஞ்சாப் பிறகு வருவீங்களா?"
வருவேன்.
"எப்ப?"
அடுத்த போயாவுக்கு என்று
யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.
யாரோ நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்கள்.

கதிரைகளை அடுக்கி முடித்ததும்
பின்பக்கத்துக் குழாயில் கிளாசைக் கழுவினேன்.
சிவப்பு போக நேரமெடுத்தது.
நிரப்பி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.
இன்றைக்கு
நல்ல தண்ணீர்.