பகுதி நிவர்த்தி

எங்கள் குடியிருப்பில் வீடுகள் நூற்றுப் பன்னிரண்டு.
சுவருக்கு அனுமதித்த நிறங்கள் மூன்று:
மணல், ஈர மணல், காய்ந்த மணல்.
புல் நாலு அங்குலம் தாண்டக் கூடாது.
குப்பைத்தொட்டி செவ்வாய் இரவு
தெருவில் தூங்கக் கூடாது.
நான் சங்கத்தின் செயலாளர்.
தேர்தலில் வேறு யாரும் நிற்கவில்லை;
நானும் நின்றதாக ஞாபகம் இல்லை.

ஏழாம் பிரிவு, நான்காம் உட்பிரிவு:
ஆடு மாடு பன்றி கோழி கூடாது.
வீட்டுப் பிராணிகள், நியாயமான எண்ணிக்கையில், கூடும்.
நியாயம் என்றால் எத்தனை என்று
எழுதியவர் எழுதவில்லை.
அவர் இப்போது ஃப்ளோரிடாவில்
கோல்ஃப் ஆடுகிறார்.

முப்பத்தேழாம் வீட்டு மைத்தே உபெருவாகா
இரவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள்.
அவள் பெயரை முதல் கடிதத்தில் ஒருவிதமாகவும்
இரண்டாம் கடிதத்தில் வேறுவிதமாகவும்
தப்பாக எழுதினேன்.
இரண்டையும் திருத்தித் திருப்பி அனுப்பினாள்.
கோழிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

புகார் செய்தது அடுத்த வேலி, க்ளென்னா ஸ்டாடர்ட்.
சத்தம் என்றார்.
என்ன சத்தம்?
"முட்டையிட்ட பிறகு போடுகிற சத்தம்.
ஒரு முட்டைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?
நாலு பிள்ளை பெற்றேன்,
இப்படியா ஊரைக் கூட்டினேன்?"
"இரைச்சல், பகல் நேரம்" என்று பதிந்துகொண்டேன்.

நீச்சல்குளத்துக் கூடத்தில் விசாரணை.
மடக்கு நாற்காலிகள், ஒரு பெட்டி டோனட்.
இன்று கோழி என்றால் நாளை ஆடு
என்றார் பொருளாளர் ஆர்லோ பிங்கம்.
நாளை மறுநாளை அவர் சொல்லவில்லை,
ஆனால் அவர் கண்ணில் ஓர் ஒட்டகம் தெரிந்தது.
மைத்தே சீருடையோடு வந்திருந்தாள்.
வாதாடவில்லை.
"காலையில் வீடு திரும்பும்போது
உயிரோடு யாராவது ஓடி வரட்டுமே என்றுதான்"
என்றாள்.
கொஞ்ச நேரம் ஒருவரும் மெல்லவில்லை.
பிறகு மூன்றுக்கு இரண்டு.
முப்பது நாள் கெடு,
தாண்டினால் நாளொன்றுக்கு இருபத்தைந்து டாலர்.
தூக்கிய மூன்று கையில்
ஒன்று என்னுடையது.

பதினெட்டாம் நாள் படிவம் வந்தது.
மீறல்: கோழிகள், மூன்று.
நிவர்த்தி ஆயிற்றா: பகுதி.
நிவர்த்தி செய்த விதம் என்ற கட்டத்தில்
ஒரே சொல்:
பருந்து.

இதை ஏற்கலாமா என்று கேட்டார் ஆர்லோ.
பருந்தைத் தொடக் கூடாது,
அது நாட்டுச் சட்டம்,
எங்கள் சட்டத்துக்கு மேலே பறப்பது.
வேலி ஐந்தடி என்று நாங்கள் வகுத்தது
மேலிருந்து வருபவருக்குப் பொருந்தாது.
க்ளென்னா மட்டும் போனில் கேட்டார்:
"எது போயிற்று? அந்தச் சத்தக்காரியா?"
தெரியாது என்றேன்.
"இரண்டு நாளாய்ச் சத்தமே இல்லை."
அதையும் புகாரைப் போலத்தான் சொன்னார்.

சரிபார்க்கப் போனேன், காலை ஏழுக்கு,
அளவு டேப்பும் படிவமும் பேனாவுமாக.
புல் நாலே அங்குலம். சரி.
அதில் சில செம்பழுப்பு இறகுகள்;
அவற்றுக்குக் கட்டம் இல்லை.
டிராம்போலினுக்கு அடியில்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு,
ஒரு கண்ணை மேலே திருப்பியபடி, அவை.
நானும் மேலே பார்த்தேன்.
நீலம்.
அனுமதித்த நிறம் இல்லை.

தெருமுனையில் அவள் கார் திரும்பியது.
அந்தச் சத்தம் எப்படித் தெரியுமோ,
கழுத்தை நீட்டிக்கொண்டு வாயிற்கதவுக்கு ஓடின.
ஓடும்போது எண்ணுவது எளிது.
எண்ணிக்கை என்ற இடத்தில்
கை தானாக மூன்று என்று எழுதிவிட்டது.
அடித்தேன்.
இரண்டு என்று எழுதினேன்.
அடித்தல் திருத்தத்துக்குப் பக்கத்தில்
சுருக்கொப்பம் வேண்டும் என்பது விதி.
போட்டேன்.