டயர் கடைக்கு மேலே

தஞ்சோங் தோக்கோங்கில் பிலாட்டிஸ்.
முதல் வகுப்பு இலவசம்;
அடுத்ததன் விலையைக் கேட்டதும்
கார் தவணை நினைவுக்கு வந்தது.
பூங்காவில் யோகா, காலை ஏழுக்கு.
ஏழுக்குத்தான் என் இரவு ஷிப்டு முடியும்.
கோயில் மண்டபத்தில் முன்வரிசை முழுக்க
மாமியாரின் தோழிகள்.

கடைசியில் ஜெலுத்தோங், டயர் கடைக்கு மேலே.
படியில் கிடந்த செருப்புகளை வைத்துக் கண்டுபிடித்தேன்.
மேடம் ஊய் ஹொக்கியனில் எண்ணுகிறார்.
புஜங்காசனம் அவர் வாயில் மூன்று துண்டாகிறது,
என் முதுகும்தான்.
கீழே நட்டுக் கழற்றும் இயந்திரம்
எங்கள் மௌனத்தைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுகிறது.

"லெப்பாஸ், லெப்பாஸ்" என்கிறார் மலாயில்,
மூச்சை விடச் சொல்லி.
பதினோரு வருடமாகப் பாயான் லெப்பாஸில் நிற்கிறேன்,
ஊர்ப் பெயரிலேயே இருந்திருக்கிறது.

வீட்டில் இதைப் பற்றி
இன்னும் மூச்சு விடவில்லை.
புதன்கிழமை ஓவர்டைம் என்றிருக்கிறேன்.