விடுதலைப் பத்திரம்

துலூத்தில் ஏப்ரல் வந்தும் ஏரி இளகவில்லை.
பதிவகத்தின் வெப்பக்குழாய்
டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருக்க
பழைய புத்தகங்களைப் புரட்டுகிறேன்,
மணிக்கு இருநூற்று நாற்பது டாலருக்கு.

என் கட்சிக்காரர் கர்ட் ஹால்வர்சன்.
ஏலத்தில் எடுப்பார், சுவருக்குச் சாம்பல் பூசுவார்,
அடுக்களையில் வெள்ளைக் கல் பதித்து
நாற்பதே நாளில் கைமாற்றுவார்.
இது அவருக்குப் பதினேழாவது வீடு.
வாங்குகிறவள் ஒடெஸா பிரையர்,
இரவெல்லாம் பிறர் எலும்பைப் படமெடுப்பவள்.
அவளுக்கு இது முதலாவது.
வெள்ளிக்கிழமை கிரயம்.

மூலப்பத்திரம் 1911,
தாதுக் கப்பலில் சுமையேற்றிய ஒருவன் பெயரில்.
அவனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் வங்கி,
வங்கியிடமிருந்து ரெய்னோ லாஹ்டினன்.
கண்ணி கண்ணியாக வந்த சங்கிலி
1994 நவம்பரில் அறுந்து கிடந்தது.

"ரெய்னோ லாஹ்டினன், திருமணமானவர்."
கீழே ஒரே ஒரு கையெழுத்து.

குடியிருந்த வீட்டை ஒற்றைக் கை விற்க
இந்த மாநிலச் சட்டம் விடாது.
இன்னொரு கை எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
நான்கு கிரயம், இரண்டு அடமானம், ஓர் ஏலம்;
உறைந்த ஏரிமேல் கார் ஓட்டுவதுபோல்
அந்த வெற்றிடத்தின் மேல்
எல்லோரும் ஓட்டிப் போயிருக்கிறார்கள்.

"செத்திருப்பாள்," என்றார் ஹால்வர்சன்.
"இருந்தால் ஐந்நூறு கொடுத்து முடி."

இருந்தாள்.
ஹிப்பிங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டு.
ஐலி, அறுபத்தாறு வயது.
பிள்ளைகள் இறங்கிய வண்டியில்
எஞ்சினை அணைக்காமல்
முகவரியை மட்டும் இரண்டு முறை வாசித்தாள்.

"அடுக்களை ஜன்னல் இன்னும் திறக்கிறதா?"
கல் பதித்தபோது அடைத்துவிட்டார்கள் என்றேன்.
"அதன் வழியாகத்தான் இறங்கினேன்.
அந்த மார்ச் மாதப் பனியில்,
அவன் பூட்ஸைப் போட்டுக்கொண்டு.
பத்திரமாக வந்து சேர்ந்தேன்.
பத்திரம்தான் எழுதித் தரவில்லை.
முப்பது வருஷத்தில் என்னிடம் கேட்ட முதல் ஆள் நீ."

என் பையில் தட்டச்சிட்ட தாள்,
ஐந்நூறுக்குக் காசோலை, பேனா.
எழுத்து வெளிறிய வேறொரு வாக்கியமும் இருந்தது,
தொழிலில் பலர் முனகிவிட்டுக் கடப்பது.
எஞ்சின் இரைச்சலுக்கு மேல் உரக்கச் சொன்னேன்:
"நான் விற்பவரின் வக்கீல். உங்களுடைய வக்கீல் அல்ல.
கையெழுத்துக்கு முன் உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள்."

வெள்ளி போயிற்று.
ஹால்வர்சன் கத்தினார், பிறகு மின்னஞ்சலில் மட்டும் பேசினார்.
ஒடெஸா பழைய வாடகை வீட்டை ஒரு மாதம் நீட்டினாள்,
பாதிச் சாமான் காரின் டிக்கியில்.
"வீடு கிடைக்குமா, கிடைக்காதா?" என்று போனில் கேட்டாள்.
அதே வாக்கியத்தை அவளுக்கும் சொன்னேன்.
"வக்கீல் வைக்க இருந்த பணம்தான்
முன்பணமாக உங்களிடம் இருக்கிறது," என்றாள்.
என்னிடம் பதில் இல்லை.

மே மாதம் ஹிப்பிங்கிலிருந்து ஒரு கடிதம்.
அவள் வக்கீலின் பெயர், ஒரு தொகை, வேறொன்றுமில்லை.
தொகையை நான் வெளியே சொல்லக்கூடாது.
வெள்ளைக் கல்லின் விலையைவிட அதிகம் என்று வேண்டுமானால்
வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து நாளில் ஐலி
ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தாள்.
யாதொரு உரிமையும் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும்
இனி எனக்கில்லை என்ற இடத்தில்
லேசாகச் சிரித்தாள்.
முதல் வரிக்குத் திரும்பி நிறுத்தினாள்:
"ஐலி லாஹ்டினன், விதவை."

"இந்தச் சொல் கட்டாயமா?"
ஏதாவது ஒன்று எழுதியாக வேண்டும் என்றேன்.
"மணவாழ்வு நிலை. சட்டம் கேட்கிறது."
"சட்டத்திடம் வேறு சொல் இருக்கிறதா?"
இருந்தது.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்: தனிநபர்.
ஓரத்தில் அவள் சுருக்கொப்பமிட்டாள்,
கடைசியில் முழுக் கையெழுத்து,
மெதுவாக, பேருந்தை வளைவில் திருப்புகிறவளைப்போல்.

ஒடெஸா சாவி வாங்கியபோது நான் அங்கில்லை.
பதினெட்டாவது வீட்டுக்காகப் பதிவகத்தில் இருந்தேன்.
மாதக் கடைசியில் மணிக்கணக்கு எழுதும்போது
அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடத்தை
யார் பெயரில் பற்று வைப்பதென்று தெரியவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.