மேற்குச் சுவர்

ஸ்மோலா தீவில் மழை மேலிருந்து விழுவதில்லை.
பக்கவாட்டில் வரும்,
கடன் கொடுத்தவனைப் போல, முகத்துக்கு நேரே.

அதனால்தான் பலகைகளை நிற்க வைக்கிறோம்.
படுத்த பலகையில் நீர் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கும்.
நிற்கும் பலகையில் அதற்கு வேலையில்லை,
இறங்கிப் போய்விடும்.

போன செப்டம்பரிலும் இதெல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
அடிப்பலகை, மேல்பலகை இரண்டையும் சேர்த்து
ஒரே ஆணியில் அறைந்தோம், நானும் ஐவிந்தும்.
ஆணி மிச்சம். ஒரு வாரம் மிச்சம்.

பிப்ரவரியில் காய்ந்த குளிர்.
ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில்
துப்பாக்கி வெடித்தாற்போல் ஒன்று.
மான் சுடுகிறார்கள், தூங்கு என்றான்.
இந்த மாதத்தில் எந்த மான் என்றேன்.
மறுபடி வெடித்தது,
எங்கள் தலைமாட்டுக்குப் பின்னாலேயே.
விடிந்து, டார்ச்சோடு போய் எண்ணினேன்:
பதினேழு பலகை, ஆணியிலிருந்து கீழ்வரை.
சுருங்க இடம் கேட்டிருக்கிறது மரம்.
நாங்கள் கொடுக்கவில்லை.

இப்போது மே. பிடுங்குகிறோம்.
ஒவ்வோர் ஆணியும் பன்றிக்குட்டிபோல் கத்தி வெளியே வருகிறது.
பக்கத்து வீட்டு ஒட்லாவ்க்
விரிசல் பலகைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிப் போகிறாள்,
கோழிக்கும் காற்று வேண்டுமே என்று.

ஸ்ப்ரூஸ் பலகையின் நுனியைத் திருப்பிப் பார்க்கிறேன்.
வளையங்கள் சொல்லும் எது எந்தப் பக்கமென்று.
வைரம் வெளியே, வெள்ளை உள்ளே.
அடிமுனையைச் சாய்த்து அறுக்கிறேன்,
சொட்டு தயங்காமல் விழ.
அடிப்பலகைக்கு நடுவில் ஓர் ஆணி, ஒன்றே ஒன்று.
மேல்பலகைக்கும் அப்படியே:
இரண்டு அடிப்பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் புகுந்து
எதையும் குத்தாமல்
குறுக்குச் சட்டத்தில் போய் நிற்கும்.

ஐவிந்த் பலகையைப் பிடிக்கிறான்.
நான் ரசமட்டம் பார்க்கிறேன்.
இடது. இன்னும். போதும்.
நாள் முழுக்க எங்கள் பேச்சு இவ்வளவுதான்.
யாருடைய அவசரம் அது என்பதில் மட்டும்
இன்னும் முடிவு வரவில்லை.

வியாழன் ராத்திரி மழை வந்தது, நேரே, முகத்துக்கு.
விளக்கணைத்துப் படுத்திருந்தோம்.
சுவருக்குள் சின்னதாக ஒரு சத்தம்,
நாற்காலியில் ஆள் சற்று நகர்ந்து உட்கார்வதுபோல.

நகர்கிறது என்றான்.
நகரட்டும் என்றேன்.

கிழக்குச் சுவரில் இன்னும் பழைய ஆணிதான்.
அதைப் பற்றி இருவருமே
இதுவரை வாய் திறக்கவில்லை.